தூக்கித் திருப்ப ஒரு திசை

இன்று காலை பழம் அடைக்கிற செட்டில், திராட்சைப் பெட்டி ஒன்றில் நம் தோட்டத்தின் பெயர் இடவலம் மாறி விழுந்திருந்தது. புதிதாக வேலைக்கு வந்த அக்கா, எழுத்து வெட்டிய தகரத்தைப் பின்பக்கமாக வைத்து மை அடித்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தத் தகரத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கையெல்லாம் நீல மை.

கல்யாணமான புதிதில் நானும் இதே தப்பைச் செய்தேன். நீ கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, காமயகவுண்டன்பட்டியில் ஒரு திராட்சைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவள். வாய் சும்மா இருக்குமா? தகரத்தைப் பலகையில் வைத்துச் சுற்றிச் சுற்றிக் காட்டினாய்.

"பலகையோட படிஞ்சே கெடந்தா, எத்தன சுத்து சுத்துனீகன்னாலும் இது நேராகாது. மேல தூக்கித் திருப்பணும். பலகையில வரஞ்ச படத்துக்கு அந்த 'மேல' எங்கன இருக்குன்னே தெரியாது."

பிறகு என் கையை எடுத்து உன் வலது மார்பில் வைத்தாய். உன் இதயம் அங்கேதான் துடித்தது. பிறவியிலேயே அப்படி. ஈரலும் இரைப்பையும்கூட இடம் மாறித்தான் இருந்தன. "நமக்குத் தெரியாத நாலாவது திசையில என்னைய யாரோ தூக்கித் திருப்பிப் போட்டுட்டாக" என்றாய். எனக்குப் பாதி புரியவில்லை. பெருமையாக மட்டும் இருந்தது.

குச்சனூர் கோயிலுக்குக் கிளம்பிய ஒரு சனிக்கிழமை, பீரோக் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டே இன்னொன்றும் சொன்னாய். "ஒரு கோட்டுக்குள்ளயே இருக்கிறதுக்குக் கண்ணாடி ஒரு புள்ளி. காகிதத்துக்கு ஒரு கோடு. நமக்கு இந்தா, இந்தப் பரப்பு. இன்னொரு திசை இருந்துச்சுன்னா, இந்த வீடு மொத்தமுமே கண்ணாடியா நிக்கும்."

"அப்ப உள்ள இருக்கிற நாம?"

"கண்ணாடிப் பரப்புலயே இருக்கிறது எதுவும் மாறாது. இருந்த எடத்துலயே இருக்கும்."

போன கவாத்து சமயத்தில், கொடி வெட்டிக்கொண்டிருந்தவள் வரப்பில் உட்கார்ந்தாய். "வலதுபக்கம் ஒரு மாதிரி அழுத்துதுங்க."

"வலதுபக்கந்தான புள்ள, வாயுவா இருக்கும். சோடா குடி" என்றேன்.

பத்து வருடம் அந்தப் பக்கமே காது வைத்துத் துடிப்பைக் கேட்டவன் நான். ஊரெல்லாம் சொல்லுகிற பேச்சு என் வாயிலும் வந்துவிட்டது. நீ நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தாய், அவ்வளவுதான். எதற்கு அப்படிப் பார்த்தாய் என்று இன்னும் தெரியவில்லை. சோடாவைக் கொடுத்துவிட்டு நான் கத்தரியோடு கொடிக்குப் போனேன். திரும்பி வந்தபோது பாட்டிலில் பாதி அப்படியே இருந்தது. நீ சாய்ந்து கிடந்தாய்.

கம்பத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் இடது மார்பில் குழலை வைத்தார். "அங்கன இல்ல சார், அவளுக்கு வலதுபக்கம்" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் வரப்பில் நான் சொன்னது எனக்கே உறைத்தது. அவர் குழலை மாற்றி வைத்தார். அங்கேயும் ஒன்றும் கேட்கவில்லை.

நீ சொன்னபடியே வீடு கண்ணாடியாக நிற்கிறது, நானும் இருந்த இடத்திலேயே இருக்கிறேன். இப்போதெல்லாம் தோட்டத்தில் யார் நெஞ்சைப் பிடித்தாலும் எந்தப் பக்கம் என்று நான் கேட்பதில்லை. உடனே வண்டியை எடுத்துவிடுகிறேன்.

உனக்குத்தான் எடுக்கவில்லை.