முன்கதைச் சுருக்கம்

மார்ச் 3
எழுதுவதை நிறுத்திவிட்டவர்களைப் பற்றிப் புதிதாக வருகிறவர்களிடம் என்ன சொல்வது? எனக்குத் தெரியவில்லை. நுரையீரல் இறுகும் நோய்க்காரர்களின் மின்னஞ்சல் குழுவில் மூன்று வருடமாக நான்தான் புதியவர்களுக்குச் சுருக்கம் எழுதித் தருகிறேன். எந்த மருந்தைப் பற்றி என்ன பேச்சு, எந்தச் சோதனை முடிந்தது, எது ஓடுகிறது, குழுவில் யார் யார். ஒருவர் இறந்தால் வீட்டார் எனக்கு மட்டும் எழுதுவார்கள்: முகவரியை எடுத்துவிடுங்கள். எடுத்துவிடுவேன். குழுவில் யாரும் அதைப் பேசுவதில்லை. சுருக்கத்திலும் வராது.

இன்று சேர்ந்த புதியவர் என் கணவர். நோய் அவருக்குத்தான், ஆனால் இத்தனை நாள் அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்காதவர். வியாழக்கிழமை புது ஊசிக்குச் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு மாதம் ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டும். அதற்குமுன் எல்லாம் தெரிய வேண்டுமாம்.

மார்ச் 4
சுருக்கத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். “தொடர்கதைக்கு முன்கதைச் சுருக்கம் போட்ட மாதிரி இருக்கு. ஆனா ஆளுங்க பாதியில காணாமப் போறாங்களே?” அதற்குள் இருமல் வந்துவிட்டது.

மார்ச் 5
குழுவில் தையல்காரர் ஒருவர் இருந்தார்; அவருடைய பழைய கடிதங்களைத் தேடித் தேடிப் படிக்கிறார்.

மார்ச் 6
தையல்காரர்தான் எங்கள் குழுவில் முதலில் ஊசி போட்டுக்கொண்டவர். கோட்டுக்கு அளவெடுப்பதுபோல நர்ஸ் தினமும் நெஞ்சை அளப்பதாகவும், துணியை மட்டும் அவள் கண்ணில் காட்டுவதே இல்லை என்றும் எழுதுவார். இவருக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

“திடீர்னு நிறுத்திட்டாரே. குணமாகி வீட்டுக்குப் போயிட்டாரா?”

பாத்திரம் கிடக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 8
நாளைக்குக் கையெழுத்து. எதுக்குச் சொல்லணும்? சொல்லாம எப்படி விடறது?

அவருக்கு மட்டும் இன்னொரு சுருக்கம் எழுதினேன். ஊசி போட்டுக்கொண்டவர்களில் இன்றும் எழுதுகிறவர் ஒருவர்தான். மற்றவர்கள் மருந்தால் போனார்களா, நோயால் போனார்களா — எனக்குத் தெரியாது, தெரிந்ததாகச் சொல்லவும் மாட்டேன். தையல்காரர் போனது நான்காம் மாதம், ஆஸ்பத்திரியிலேயே. சமையலறையிலிருந்து அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

“இதெல்லாம் நீ ஒருத்தியாவே வச்சிருந்தியா?”



மார்ச் 9
ஆஸ்பத்திரிக்குப் போனோம். கையெழுத்துப் போடவில்லை. டாக்டர் பொறுமையாகத்தான் பேசிப் பார்த்தார். இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வீட்டிலேயே இருந்துவிடுவதாகச் சொன்னார்.

மதியம் குழுவுக்குத் தன் முதல் கடிதத்தை எழுதினார். தன்னை அறிமுகம் செய்துகொண்டு, ஊசி வேண்டாம் என்று முடிவெடுத்ததைச் சொல்லிவிட்டு, கடைசியில்: “நான் எழுதுவதை நிறுத்தினால், ஏன் என்பதை என் மனைவி இங்கேயே எழுதுவாள். எனக்குப் பிறகு வருகிறவர்கள் என்னைத் தேட வேண்டாம்.”

அனுப்புவதற்கு முன் என்னிடம் கேட்கவில்லை.