திரும்பி வந்த படம்

பிளேஸ்டோ, 13 நவம்பர் 1990, செவ்வாய்

வேலை முடிந்து வந்தால் ஊரிலிருந்து அம்மாவின் கடிதம். உறையைப் பிரித்ததும் நான் அனுப்பிய படமே கீழே விழுந்தது.

கம்பனி என்னை ஜப்பானுக்குப் பயிற்சிக்கு அனுப்பியபோது எடுத்த படம். மலையுச்சியில் பழைய கோட்டை இருக்கிறது என்று கூட்டிப்போனார்கள். மூச்சிரைக்க ஏறிப் பார்த்தால் இடிந்த கற்சுவரும் புல்லும்தான். கூட வந்தவன் சிரிக்கச் சொன்னான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். பின்பக்கம் "ஜப்பானில் நான்" என்று மட்டும் எழுதி அனுப்பினேன், மடையன்.

அம்மா எழுதியிருக்கிறார்: "ஆரோ ஒராளின்ர இடிஞ்ச வீட்டில நிண்டு ஏனடா சிரிக்கிறாய்? உன்ர படம் வந்தால் எல்லாருக்கும் காட்டுவன். இதை இஞ்ச இருக்கிற சனத்துக்குக் காட்ட ஏலாது. திருப்பி அனுப்பிறன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. கோட்டைக்கும் வீட்டுக்கும் வித்தியாசம் தெரியாதா என்று கத்தினேன். மனைவி உறையை எடுத்துப் பார்த்தாள்.

"விலாசத்தைப் பாத்தனீங்களே? பள்ளிக்கூடத்து அகதி முகாம் எண்டு கிடக்கு."

எங்கள் வீட்டைப் பற்றி அம்மா ஒரு வரியும் எழுதவில்லை. அது கோட்டை என்று நாளைக்குப் பதில் எழுதலாம். எங்கள் வீட்டில் எந்தச் சுவர் மிச்சம் என்று எந்த முகத்தோடு கேட்பது?