யாரும் கேட்காத பாக்கெட்

பிப்ரவரி 3, திங்கள்

வரும் ஞாயிறு பிள்ளைகள் வகுப்பில் சவுல் ராஜா கதை எடுக்க வேண்டுமாம். போதகர் மனைவி போன் செய்தார். "கீழ்ப்படிதல்தான் பாடம். பிள்ளைங்களுக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க." முதலில் எனக்குப் புரியட்டும்.

தம்பியும் பேசினான். அவன் மனைவிக்கு ஆறாம் மாதம். படுக்கையை விட்டு எழுந்தால் குழந்தை தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவளுக்கு அம்மா இல்லை. இவன் வேலைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவான். பகலெல்லாம் தனியாகக் கிடக்கிறாள். "நீ வர்றியா" என்று அவன் கேட்கவில்லை. எப்படிக் கேட்பான்? போன வருஷம் அவள் "எங்க வீட்டு விஷயத்துல தலையிடாதீங்க" என்று சொன்னதும், இனி இந்தப் பக்கமே வர மாட்டேன் என்று கத்திவிட்டு வந்தவள்தானே நான்.

ஜெபித்தேன். போய்ப் பார் என்று மனதில் பளிச்சென்று பட்டது.

புதன்கிழமை அவளுக்காக உபவாசம் இருப்பதாக முடிவு செய்தேன்.

பிப்ரவரி 5, புதன்

உபவாசம். தலைவலி.

பிப்ரவரி 6, வியாழன்

வெள்ளியையும் சேர்த்துக்கொண்டேன். வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலை நிமிராமலே சொன்னார்: "பட்டினி கிடக்கிறது நீ. ஒரு வாய் சோறு எடுத்துக் கொடுக்க ஆளில்லாம கிடக்கிறது அவ. கடவுளே குழம்பிடப் போறாரு." இவருக்கு எல்லாமே கிண்டல். ஜெபத்தைப் பற்றி என்ன தெரியும் இவருக்கு?

பிப்ரவரி 8, சனி

சவுல் கதையை இரண்டு தடவை படித்தேன். எதிரிகளையும் அவர்கள் ஆடுமாடுகளையும் ஒன்று விடாமல் அழிக்கச் சொல்லிச் சவுலுக்குக் கடவுளின் கட்டளை. அந்தக் கட்டளையை நினைத்தாலே எனக்கு நடுங்குகிறது. பிள்ளைகளிடம் எந்த வாயால் சொல்வது? தெரியவில்லை. ஆனால் சவுல் எனக்குத் தெரிந்த ஆள் மாதிரி இருக்கிறான். கொழுத்த ஆடுகளாகப் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்துவிட்டு, தீர்க்கதரிசி சாமுவேல் கேட்டதும், எல்லாம் கடவுளுக்குப் பலியிடத்தான் என்கிறான். பொய்யா அது? பலியிட்டுத்தான் இருப்பான். சொன்னதைச் செய்யாதவனுக்குச் சொல்லாததைச் செய்ய எவ்வளவு சுறுசுறுப்பு!

பிப்ரவரி 9, ஞாயிறு

பாடம் நடத்தினேன். பிள்ளைகள் ஆடு மாதிரிக் கத்தி வகுப்பையே சந்தையாக்கிவிட்டார்கள். எல்லோரும் பாராட்டினார்கள். எனக்குத்தான் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

ஆலையில் சட்டைகளைச் சரிபார்க்கும்போது ஒரு கட்டு முழுக்கக் காலர் கோணல். ஆனால் ஒவ்வொன்றிலும் உள்பக்கம் ஒரு குட்டிப் பாக்கெட். அழகான தையல். மாதிரிச் சட்டையில் அப்படி ஒன்று கிடையாது. தைத்த பெண்ணைக் கூப்பிட்டேன். "காலர் எனக்குச் சரியா வரலைக்கா. அதான் ஈடுகட்ட ஒரு பாக்கெட் வெச்சேன்."

"கேட்டது காலர். பாக்கெட்டை யார் கேட்டா?" என்று கத்தினேன்.

கத்தினவள் அப்படியே நின்றுவிட்டேன்.

நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? புதன் ஒரு பாக்கெட், வெள்ளி ஒரு பாக்கெட். எனக்குக் காலர் வரவில்லை. தம்பி வீட்டுக்குப் போக வெட்கம். போனால் அவ ஜெயிச்ச மாதிரி ஆயிடும். அவ்வளவுதான் விஷயம் — இதுக்குப் போய் ஆண்டவரை இழுத்து...

அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலர் வைக்கக் காட்டிக் கொடுத்தேன். பிரித்துத் தைத்தாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பஸ் நிறுத்தம் வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன். சீ.

பிப்ரவரி 13, வியாழன்

லீவு போட்டுவிட்டுப் போனேன். எழுந்து திறக்க முடியாது என்பதால் கதவை வெறுமனே சாத்தி வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது. பஸ்ஸில் ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் எங்கேயோ போயிற்று.

"நான் பேசினது தப்பு. என்ன செய்யணும், சொல்லு" என்றேன்.

சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். போகச் சொல்லப் போகிறாள் என்றே நினைத்தேன்.

"தலை அரிக்குதுக்கா. வாரி விடுறீங்களா?"

அறை குப்பையாகக் கிடந்தது. கூட்ட, சமைக்க, தலையில் கை வைத்து ஜெபிக்க — என் கை பரபரத்தது. சீப்பை எடுத்தேன். வாரம் முழுக்கத் தலையணையில் கிடந்து சிக்குப் பிடித்த முடி. வலிக்காமல் ஒவ்வொன்றாக எடுத்தேன். பின்னி முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள்.

இருட்டினதும் வாசலில் தம்பியின் பைக் சத்தம் கேட்டது. ஆனால் ஆள் உள்ளே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். நான் கழற்றிப் போட்ட செருப்புக்குப் பக்கத்தில், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.