பீப்பாய் பார்க்கும் நாள்

அக்டோபர் 4

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். மூன்று வருடம். எங்கள் ஆலையின் கறுப்பு பியர் புளித்துப்போனதற்கு, அதைக் காய்ச்சிய நான்தான் காரணம் என்று மில்வாக்கி நகரம் முழுக்க நம்புகிறது. ஆலை முதலாளி ராய்ஸ் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறான். பீப்பாய் மரத்துக்குள் கிருமி ஒளிந்திருக்கும், பியரைச் சூடாக்கிவிட்டுப் புட்டியில் அடை என்று கெஞ்சியவன் நான். "புரொபசரே, இது பியரு. புள்ளைக்குக் காய்ச்சுற பால் இல்ல" என்று கிண்டலடித்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் தங்கை மாரிட்டும். அப்போது அவள் என் மனைவி.

எல்லாவற்றையும் எழுதி, பியர் ரசிகர்களின் இணையப் பக்கத்தில் போடப்போகிறேன். என் பெயரோடு.

அக்டோபர் 11

பக்கம் பக்கமாக எழுதியாயிற்று.

இன்று ஆலையில் பீப்பாய் பார்க்கும் நாள். விஸ்கி இருந்த பீப்பாய்களில் வருடம் முழுக்க ஊறிய பியரை ஒவ்வொன்றாகச் சுவைத்து, எதை எதோடு கலப்பது என்று முடிவு செய்வார்கள். அப்போதெல்லாம் பீப்பாய் முகப்பிலிருக்கும் ஆணியை நான் பிடுங்குவேன். நூலாக ஒழுகுவதை மாரிட் கோப்பையில் பிடிப்பாள். மோந்து பார்த்துவிட்டு, தான் குடிக்காமல் முதலில் எனக்கு நீட்டுவாள்.

இப்போது யார் பிடுங்குகிறார்கள்? யாராயிருந்தால் எனக்கென்ன.

அக்டோபர் 12

ராய்ஸாக இருக்காது. அவன் சட்டையெல்லாம் நனைத்துக்கொள்வான்.

நவம்பர் 28

புது பியர் வெளியீடு. போகக் கூடாது என்றுதான் இருந்தேன். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வரிசையில் நின்றேன். விற்றவள் மாரிட். முன்பக்கம் முடி நரைத்திருக்கிறது.

"இந்தத் தடவை முழுக்க நான் கலந்தது. குடிச்சிட்டு உண்மையைச் சொல்லு, எவரெட்" என்றாள்.

சூடாக்கினார்களா என்று கேட்டேன்.

"எங்கண்ணன் என்னிக்கு யார் பேச்சைக் கேட்டான்?"

பின்னால் நின்றவன், "சார், குசலமெல்லாம் அப்புறம் வச்சுக்கங்க. காலு விறைச்சுப்போச்சு" என்றான்.

நவம்பர் 29

குடித்தேன். கருகிய சர்க்கரை, ஓக் மரம், விஸ்கியின் சூடு — எதுவும் துருத்தவில்லை. பாவி, என்னமாய்க் கலந்திருக்கிறாள்!

கடைசி மடக்கில், நாக்கின் ஓரத்தில் துளிப் புளிப்பு. வேறு யாருக்கும் தெரியாது. அதே கிருமி. கிறிஸ்துமஸ் தாண்டினால் முழுக்கப் புளித்துக் காடியாகிவிடும். ஆனால் வாங்கியவர்கள் ஊற ஊற நன்றாகும் என்று வருடக்கணக்கில் நிலவறையில் போட்டுவைப்பார்கள்.

நான் சும்மா இருந்தாலே போதும். எல்லாம் புளித்ததும், நான் சொன்னதுதான் சரி என்று ஊர் ஒத்துக்கொள்ளும். ஜெயித்துவிடுவேன். ஏன் சந்தோஷமாக இல்லை?

நவம்பர் 30

மாரிட்டுக்குப் போன் செய்து சொன்னேன். எல்லாம் விற்றுவிட்டதாம். திரும்ப வாங்கச் சொன்னால் ராய்ஸ் குதிப்பானாம்.

"அது போகட்டும். எப்படி இருந்துச்சு?"

"நீ கலந்ததுலயே இதுதான், மாரிட்."

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

டிசம்பர் 1

எழுதியதையெல்லாம் அழித்தேன். ராய்ஸை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. மிஞ்சியது இவ்வளவுதான்:

'இந்த வருடக் கறுப்பு பியரை எடுத்து வைக்காதீர்கள். குளிரில் வைத்து, கிறிஸ்துமஸுக்குள் குடித்துவிடுங்கள். இப்படி ஒரு கலவை இந்த ஊரில் வந்ததில்லை. தனியாகக் குடிக்காதீர்கள்.'

என் பெயரைப் பார்த்தால் வயிற்றெரிச்சல் என்பார்கள். ஒருவரும் புட்டியைத் திறக்கமாட்டார்கள். பெயரில்லாமலே போடுகிறேன். எழுதியது யாரென்று மாரிட்டுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும்.