நாலாவது ஓட்டை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நானும் அப்படியே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை, அவ்வளவு கோபமாக இருக்கிறேன்.

காலையில் வெல்டிங் கடைக்காரர் தள்ளுவண்டியோடு வாசலில் வந்து நின்றார். இரும்பில் ஓட்டை போடும் அப்பாவின் பெரிய டிரில் மிஷினை எடுத்துக்கொள்ளச் சொல்லி நீ போன் செய்தாயாம். தம்பி சொல்லிடுச்சுக்கா, சும்மாதானே கெடக்கு என்கிறார். சும்மா கெடக்குறத ஏத்துறதா இருந்தா என்னையும் சேத்து ஏத்திக்கப்பா என்றேன். வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அவரைச் சொல்லி என்ன, பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்க உனக்குத் தோன்றவில்லையே.

அப்பா கடைசியாகச் செய்தது என் முழங்காலுக்காக, குளியலறையில் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி. அதைச் சுவரில் நிறுத்தும் தகட்டில் மூன்று ஓட்டை போட்டுவிட்டு, நாலாவதைக் காலையில் பார்ப்போம் என்று வந்து படுத்தவர்தான், எழுந்திருக்கவில்லை. சாவுக்கு வந்த நீ அந்த நாலாவதைப் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, அப்பா விட்ட வேலையை முடித்துவிட்டேன் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டாய். நீ கிளம்பிப் போனபின் அதைப் பிடித்து எழுந்தேன், கம்பி தடதடவென்று ஆடியது, சுவரோடு சாய்ந்து தப்பித்தேன்.

கழற்றிப் பார்த்தால் வயிறு எரிகிறது. கூர்முனைப் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிக் குழி போட்டிருந்தால் துளைக்கும் பிட் வழுக்குமா, அது நாய் மாதிரி அலைந்து ஓரத்துக்குப் போய் ஓட்டை முட்டை வடிவத்தில் இருக்கிறது. சின்ன பிட் போட்டுவிட்டுப் பெரியதைப் போடும் பொறுமையும் இல்லை. ஒரு சொட்டு எண்ணெய் விட்டாயா, இல்லை. அப்பா போட்டால் இரும்பு சுருள் சுருளாக வரும், நீ நின்ற இடத்தில் கருகிய தூள்தான் கிடந்தது, அவருடைய நல்ல பிட் சூட்டில் மூக்கு நீலம் பாய்ந்து செத்துக் கிடந்தது. எண்ணெய் டப்பா யார் கையில் இருந்தது இத்தனை வருஷமும், என் கையில். புகை எழும்பினால் நான் ம் என்பேன், அவர் கையைத் தளர்த்துவார், எண்ணெய் விடுவேன், மறுபடி அழுத்துவார். எங்களுக்குள் பேச்சே அதுதான். அந்த மிஷினைத்தான் நீ சும்மா கிடக்கிறது என்கிறாய்.

எனக்குப் போடத் தெரியாமல் இல்லை. பழைய தகட்டில் போட்டுப் பார்த்தேன், நேராக இறங்கியது. அப்பாவின் தகட்டை அப்படியே மூன்று ஸ்க்ரூவில் மாட்டியிருக்கிறேன், குளிக்க நாற்காலி போட்டுக்கொள்கிறேன். நீ கெடுத்ததற்குச் சற்று உள்ளே தள்ளி பஞ்ச் தட்டிக் குழி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். அது நீ போட வேண்டியது, நான் தொடமாட்டேன், வேறு யாரையும் தொடவிடமாட்டேன்.

பிள்ளைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள், என் மேல் வரும் கோபத்தை மருமகளிடம் காட்டாதே, அது என்னோடு நிற்கட்டும். எல்லோரும் நீண்ட ஆயுசோடு இருங்கள். வரும்போது ஒன்று ஞாபகம் வை, கையுறை போட்டுக்கொண்டு மிஷின் பக்கம் நிற்காதே, தகட்டைக் கையில் பிடிக்காதே, மிஷின் மேடையில் இருக்கும் வைஸ் பிடியில் இறுக்கு. எண்ணெய் நான் விடுகிறேன். நான் ம் என்றால் கையைத் தளர்த்து.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத உன் அம்மா