பின்சக்கரத்து நட்டு

பிரிக்பீல்ட்ஸ்
5 மே 2024

ஹேமாவின் அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் நலத்தை ஹேமா வாரம் தவறாமல் சொல்லிவிடுகிறாள், அதை எழுதி மையை வீணாக்க வேண்டாம். நேரில் பேசினால் சண்டை, போனில் பேசினால் அதைவிடப் பெரிய சண்டை. சேர்வதா பிரிவதா என்று முடிவாகும்வரை எதுவானாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்று வக்கீல் அம்மா சொன்னதால்தான் எழுதுகிறேன்.

நேற்று ஹேமா வந்திருந்தாள். டெங்கில் எஸ்டேட்டுக்குப் பயிற்சிக்குப் போனதிலிருந்து பிள்ளை கறுத்து, இளைத்துவிட்டாள். "ஃபீல்டு ரொம்பப் பெருசும்மா, மிதிச்சு மிதிச்சு கால் போகுது. அப்பா என் சைக்கிள்ல இன்ஜின் மாட்டித் தரேன்னு சொல்லிட்டாரு லா," என்று ஒரே குதிப்பு.

எந்தச் சைக்கிளில் மாட்டப் போகிறீர்கள்? அந்த நீல நிற அலுமினிய சைக்கிளிலா? பெட்டியில் வருகிற இன்ஜின் பின்சக்கரத்துக் கம்பிகளைக் கவ்விப் பிடித்துக்கொண்டுதான் வண்டியை இழுக்கும். காலால் மிதிப்பதற்குச் செய்த மெல்லிய கம்பி அதை எத்தனை நாள் தாங்கும்? முன் மட்கார்டு ஒரே ஒரு திருகில் தொங்குகிறது. அதிர்வில் அது ஒடிந்து சக்கரத்துக்குள் மடங்கினால் அவள் தலைகுப்புற விழுவாள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் செய்வீர்கள். பெரிதாக ஒன்றைத் தொடங்கி ஊர் மெச்ச நிற்பது உங்கள் வழக்கம், அதை முடிப்பது எவளோ ஒருத்தியின் வேலை.

பதில் எழுதுங்கள். செய்யமாட்டேன் என்று எழுதுங்கள்.

கௌசலா


கிள்ளான்
9 மே 2024

கௌசலாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வக்கீல் அம்மா எழுதச் சொன்னார்களே தவிர, திட்டச் சொல்லவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் யாரோ ஒருவர் கடையில் வாடகைச் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டு, கிள்ளான் கடைக்கு மேனேஜர் வேலையும் பார்க்கிறாய். நல்லது. நீல சைக்கிள் ஹேமாவுக்குப் பிடித்த சைக்கிள். அதில் இன்ஜினை மாட்டி, அவள் எஸ்டேட்டுக்குள் நிம்மதியாகச் சுற்றட்டும் என்று ஆசைப்பட்டேன். ஒரு அப்பனுக்கு அந்த உரிமைகூடக் கிடையாதா? எஸ்டேட் பாதையில் லோரிக்காரன்கூட மெதுவாகத்தான் போகிறான். ஒன்றும் ஆகாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போகும்போது நகையைப் பீரோவிலேயே விட்டுவிட்டு, கடையிலிருந்த கிளிக் ஸ்பேனரை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போனவள் நீ. ஊரில் எந்தப் பெண்டாட்டியாவது இப்படிச் செய்வாளா? இறுக்கம் சரியாக வந்ததும் கிளிக் என்று சொல்கிற ஸ்பேனர் எனக்கு வேண்டியதில்லை. என் கைக்கே தெரியும். இந்தத் தெருவில் கேட்டுப் பார், கிரி பாஸ் கை வைத்தால் வண்டி பேசும் என்பார்கள். நான் மெக்கானிக். நீ கல்லாவைப் பார்த்தவள். அவரவர் வேலையை அவரவர் பார்ப்போம்.

கிரிதரன்


பிரிக்பீல்ட்ஸ்
13 மே 2024

திரு. கிரிதரன் அவர்களுக்கு,

மறுபடியும் அதே வார்த்தை. சைக்கிள் கடைக்காரர்கள் விருந்தில் உங்களுக்குக் கேடயம் கொடுத்தபோது மைக்கைப் பிடித்து, "என் ஒய்ஃப் கல்லாவைப் பாத்துக்குவாங்க, அதுவே பெரிய உதவி," என்றீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என் நகத்திடுக்கில் அன்று காலை இறுக்கிய வண்டியின் கிரீஸ் இருந்தது. அந்த வார்த்தைக்காகத்தான் வீட்டைவிட்டு வந்தேன். அதைப் பேனா எடுத்து எழுதவும் செய்கிறீர்கள். உங்களுக்கு வெட்கமே கிடையாதா?

நம் கடையில் வேலை எப்படி நடந்தது? நீங்கள் சக்கரத்தை மாட்டி, நட்டை விரலால் திருகி, சீட்டில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுத் தே தாரிக் டீ குடிக்கப் போவீர்கள். துணி கட்டியிருந்தால் இன்னும் இறுக்கவில்லை என்று அர்த்தம். நான் கல்லாவிலிருந்து எழுந்து போய், ஒவ்வொரு நட்டையும் இறுக்கி, துணியை அவிழ்ப்பேன். அதன் பிறகுதான் வண்டி வெளியே போகும். உங்கள் கைராசி என்று தெரு பேசுவது இதைத்தான்.

இன்ஜின் மாட்டியே தீருவேன் என்றால் நான் சொல்வதைப் போடுங்கள். அலுமினியம் கூடாது, பழைய கனமான இரும்பு ஃப்ரேம். முன்னால் ஸ்பிரிங் இல்லாத இரும்பு ஃபோர்க். இரட்டைச் சுவர் ரிம், மோட்டார் சைக்கிளுக்குப் போடுவதைப் போலத் தடித்த கம்பி. இன்ஜினோடு வருகிற செயின் பார்க்கத்தான் பளபளப்பு, அதைத் தூக்கி எறிந்துவிட்டு நல்ல தடித்த செயின் வாங்குங்கள். செயினை அழுத்திப் பிடிக்கிற உருளையை வெறும் பிடிப்பில் விடாமல் ஃப்ரேமில் துளைபோட்டு போல்ட் அடியுங்கள், அது நகர்ந்தால் நேராகக் கம்பிக்குள் போய்விடும். பிரேக் முன்னும் பின்னும் டிரம் பிரேக். முன் மட்கார்டே வேண்டாம், பிள்ளை மேல் சேறு பட்டால் துவைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒன்று குறைந்தாலும் ஹேமாவை அதில் ஏற விடமாட்டேன்.

கௌசலா


கிள்ளான்
27 மே 2024

கௌசலாவுக்கு,

திரு. என்று போட்டு எழுதிவிட்டாய். கவரைப் பார்த்துவிட்டு போஸ்ட்மேன் சிரித்துக்கொண்டே போனான்.

கோபத்தில் இரண்டு நாள் உன் கடிதத்தைத் தொடவில்லை. பிறகு எடுத்து நட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் குத்தி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடினேன். ஸ்ரீ கெம்பாங்கானில் பழைய இரும்பு வாங்குகிற ஒருவர் கடையில் ரொட்டிக்காரர் ஓட்டிய பழைய சைக்கிள் ஒன்று கிடைத்தது. ஃப்ரேமை ஒரு கையால் தூக்க முடியவில்லை. உனக்குப் பிடிக்கும். ரிம், கம்பி, செயின் எல்லாம் நீ சொன்னபடி. அந்தத் தடித்த கம்பியைக் கோத்து சக்கரத்தை நேராக்குவதற்குள் என் விரல் வீங்கிவிட்டது. உருளைக்குத் துளைபோட்டு போல்ட் அடித்தேன். டிரம் பிரேக் முன்னும் பின்னும். மட்கார்டு கிடையாது. ஹேமாவின் ஆசைக்கு நீலப் பெயின்ட் மட்டும் அடித்திருக்கிறேன். அதற்கும் நீ கோபித்துக்கொள்வாய் என்று தெரியும்.

நீ சொன்னதெல்லாம் சரிதான். இதற்குமேல் எழுத எனக்கு வரவில்லை.

பக்கத்துக் கடை நாகையா போடுகிற மீ கோரெங் நூடுல்ஸ் தின்று தின்று வயிறு கெட்டுவிட்டது. கடையில் கல்லாப் பெட்டி திறக்கவே மாட்டேன் என்கிறது, அதை எந்தப் பக்கம் தட்டுவாய்? வண்டியெல்லாம் போட்டது போட்டபடி கிடக்கிறது. நீ கேட்ட சாமான் முழுவதும் வாங்கிவிட்டேன். நீ வருவதற்கு இன்னும் என்ன வாங்க வேண்டும் என்று எழுது.

கிரிதரன்


பிரிக்பீல்ட்ஸ்
31 மே 2024

ஹேமாவின் அப்பாவுக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கல்லாப் பெட்டியை இடது பக்கம், கீழே தட்ட வேண்டும்.

என் கோபம் தீரவில்லை. ஆனால் ஒன்றும் குறையாமல் வாங்கினீர்களே, அதை நான் எதிர்பார்க்கவில்லை. சக்கரத்தை நீங்கள் நேராக்கினால் அது நேராகத்தான் இருக்கும். அதில் உங்களை யாரும் குறை சொல்ல முடியாது, நானும் சொன்னதில்லை.

ஹேமா ஏறுவதற்கு முன்னால் நீங்கள் ஓட்டிப் பாருங்கள். முழு வேகத்தில், மேடு பள்ளத்தில். அதில் மட்டும் சோம்பல் வேண்டாம். வருகிற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொமியுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்கு வரலாமா என்று யோசிக்கிறேன். பேச்சுவார்த்தைக்கு இல்லை, கடையைப் பார்க்க. நீங்களாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மீ கோரெங்கை நிறுத்துங்கள்.

கௌசலா


கிள்ளான்
12 ஜூன் 2024

அன்புள்ள கௌசலா,

இடது கையால் எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. சனிக்கிழமை எஸ்டேட்டில் விழுந்ததை ஹேமா உன்னிடம் சொல்லியிருப்பாள். நீ ஆஸ்பத்திரிக்கு வந்து, தூங்கிக்கொண்டிருந்த என்னை எழுப்பாமல் டாக்டரிடம் மட்டும் கேட்டுவிட்டுப் போனதை அவள் என்னிடம் சொன்னாள். தோள்பட்டை எலும்பு முறிவு. ஆறு வாரம் கட்டு.

முதல் சுற்று நன்றாகத்தான் போயிற்று. இன்ஜின் இழுத்த இழுப்பில் எனக்கே சந்தோஷம். ஹேமா மரத்தடியில் நின்று, "அப்பா, நெக்ஸ்ட் நான்," என்று கத்தினாள். அவளை ஏற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன். முழு வேகத்தில் என்று நீ எழுதியது ஞாபகம் வந்ததால் இன்னொரு சுற்று போனேன். மேட்டில் முறுக்கினேன், செயின் இழுத்த பக்கம் பின்சக்கரம் ஃப்ரேமிலிருந்து விலகிப் போய்விட்டது. அவ்வளவுதான் தெரியும்.

பின்சக்கரத்து நட்டை நான் இறுக்கவே இல்லை, கௌசலா. விரலால் திருகினேன், துணியைக் கட்டினேன், தே தாரிக் குடிக்கப் போனேன். திரும்பி வந்து வண்டியை வேனில் ஏற்றிவிட்டேன். துணி எதற்கு என்று மண்டையில் உறைக்கவே இல்லை. நீ இங்கே இருந்திருந்தால் இறுக்கியிருப்பாய், எனக்கு இது நடந்திருக்காது. இதிலிருந்து நீயே புரிந்துகொள். நீ இல்லாமல் என் வேலை எதுவும் முழுதாகாது.

கடைப் பலகையில் உன் பெயரையும் எழுத ஆள் சொல்லிவிட்டேன். உன் பெயர்தான் முதலில். இனி யார் கேட்டாலும் இறுக்குவது நீதான் என்று சொல்வேன். வந்துவிடு.

உன்
கிரி


பிரிக்பீல்ட்ஸ்
17 ஜூன் 2024

ஹேமாவின் அப்பாவுக்கு,

தோள் சீக்கிரம் ஆறட்டும். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக டெங்கிலுக்குத்தான் போனேன். வண்டியை எஸ்டேட் ஆபீஸ் பின்னால் போட்டிருந்தார்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஃப்ரேம் வளையவில்லை, ஒரு கம்பி அறுபடவில்லை, ரிம் நேராக இருந்தது. நான் கேட்டதெல்லாம் கேட்டபடி இருந்தது. சீட்டில் சிவப்புத் துணியும் இருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரும் என்று ஹேமா பயந்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அது இரண்டு மடங்காயிற்று. நீ இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஆசையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் நான் படித்தது வேறு. கடையில் ஆள் இல்லை என்று தெரிந்தும், ஒருத்தி எழுந்து வந்து இறுக்குவாள் என்று துணியைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அடுத்துப் பிள்ளை ஏறப்போகிற வண்டி அது. "நெக்ஸ்ட் நான்" என்று மரத்தடியில் நின்றவள் நம் பிள்ளை. நான் எழுதிய ஒரு வரி ஞாபகம் வராமல் போயிருந்தால்?

கிள்ளானுக்கே திரும்பி வந்துவிட ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மனதுக்குள் நாள் பார்த்து வைத்திருந்தேன். உங்களிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். பலகையில் என் பெயரை எழுத வேண்டாம். பெயருக்காக ஒரு காலத்தில் ஏங்கினேன், உண்மைதான். இப்போது அந்தப் பலகைக்குக் கீழே வந்து நின்றால், மீதி ஆயுளுக்கும் உங்களுக்குப் பின்னால் துணி அவிழ்த்துக்கொண்டுதான் இருப்பேன். என்னால் முடியாது. அடுத்த வாரம் வக்கீல் அம்மாவைப் பார்த்து, பிரிவதுதான் என் முடிவு என்று சொல்லிவிடுவேன்.

ஹேமாவின் வண்டியை நானே இறுக்கி, அந்த எஸ்டேட் மேட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். நன்றாக ஓடுகிறது. சக்கரம் அழகாகக் கோத்திருக்கிறீர்கள். துணியை நான் எடுத்துக்கொண்டேன்.

ஹேமா கையில் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன், அதில் கிளிக் ஸ்பேனர் இருக்கிறது. தோள் ஆறிய பிறகு எடுங்கள். இரண்டு பக்க நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும், ஒரே பக்கம் இறுக்கினால் சக்கரம் சாயும். கிளிக் என்று கேட்டதும் நிறுத்திவிடுங்கள், அதற்குமேல் போனால் நட்டின் மரை போய்விடும். ஒவ்வொரு வண்டிக்கும் நீங்களே செய்ய வேண்டும்.

ஸ்பேனரைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

கௌசலா