தாடியஸுக்குக் காது கேட்ட சனிக்கிழமை

அன்பு மகள் வெர்லீனுக்கு அம்மா எழுதுவது, என் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாரும் நலம், அலாஸ்காக் குளிரில் நீயும் தலையை மூடிக்கொண்டு நலமாக இரு. சனிக்கிழமை சிறையில் பார்வையாளர் அறையில் இருந்தவர்கள் நான், உன் சித்தி ஓடெல், தாடியஸின் மகள் ஜனெல், காவலர் பூத், உன் அண்ணன் தாடியஸ். பிற்பாடு யாரும் இது நடக்கவில்லை என்று சொல்லக்கூடாது, அதற்காகத்தான் பெயர்களை எழுதுகிறேன். உன் அண்ணனுக்குக் காது கேட்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் காது மிஷினைப் பிடுங்கினார்களே, கூப்பிட்டது கேட்காமல் நின்றதற்குத் தனியறையில் போட்டார்களே, அதற்கு அவனே கைப்பட எழுதிப் போட்ட வழக்கு ஜெயித்த மாதிரிதான், சிறைக்காரர்கள் சமரசத்துக்கு வந்து இரண்டு காதுக்கும் புது மிஷின் கொடுத்தார்கள். முதல் தடவை வழக்குப் போட்டபோதே முடிந்திருக்கும். காசில்லாத கைதியிடம் கோர்ட் கட்டணத்தைத் தவணையாகப் பிடிப்பார்கள், அதற்கு அவன் சிறைப் பணத்தின் ஆறு மாதக் கணக்குத் தாளில் சிறை ஆபீஸ் கையெழுத்து வேண்டும், கணக்குப் பிரிவுக்காரி கெடு தாண்டும்வரை அந்தத் தாளை மேஜைக்குள் வைத்திருந்தாள், அவள் பெயரைக் கடைசியில் எழுதுகிறேன். வழக்கைத் தள்ளினார்கள், கட்டணத்தைத் தள்ளவில்லை, மறுபடி போட்டதற்கு இன்னொரு கட்டணம். இப்போது அவன் சோப்புக்கு நாம் பத்து டாலர் அனுப்பினால் அதில் நான்கு டாலர் கோர்ட்டுக்குப் போகிறது. ஓடெல் சொல்கிறாள், “நாம ஜட்ஜுக்குத்தான்க்கா சோப்பு வாங்கிக் கொடுக்குறோம்” என்று.

போகட்டும், சனிக்கிழமையைக் கேள். ஓடெல் பழைய பழக்கத்தில் “நல்லாயிருக்கியாடா” என்று கத்தினாள், அறையே திரும்பிப் பார்த்தது. அவன் “பேட்டன் ரூஜ் வரைக்கும் கேட்டுச்சு சித்தி” என்றான். சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தால் காது கிழிகிறது என்றான். பிறகு ஜனெல் மெதுவாக “அப்பா” என்றாள். அவன் என்னைப் பார்த்து, “இது யாரு குரல்மா” என்று கேட்டான். கடைசியாகக் கேட்டபோது அவளுக்குப் பதின்மூன்று வயது, கீச்சுக் குரல். அவள் சர்ச்சில் பாடுகிற பாட்டை முழுக்கப் பாடினாள், அவன் மேஜையில் தலையை வைத்துக்கொண்டு கேட்டான். தனியறைக்கு இழுத்துப் போன அதே பூத் நேரம் முடிந்தும் அரை மணி கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவனை மன்னித்துவிட்டேன். வழக்கைத் தள்ளிய ஜட்ஜையும்.

புதன்கிழமை உனக்கு போன் பண்ணுவான், எடு, கத்தாதே. கர்த்தர் உன்னையும் பிள்ளைகளையும் காப்பார்.

உன் அம்மா,
லூவெனியா

நேற்று சர்ச்சில் அந்தக் கணக்குப் பிரிவுக்காரி என் கையைப் பிடித்து “ரொம்ப சந்தோஷம்க்கா” என்றாள், அன்றைக்கு எல்லாருக்கும் கொடுத்த கேக்கில் அவளுக்கும் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். கர்த்தர் அவளை மன்னிப்பார், அது அவர் பாடு. நான் மன்னிக்காத ஒரே ஆள் கொரீன் டூப்ரே.